படத்தைச் செய்தவன் யார்?

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலை சுற்றுகிற நம் ஜனங்கள், வழிக்கடையில் ஒரு சாமி படம் வாங்கி, வீட்டில் மாட்டிக் கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக் கொள்கிறார்கள். அந்தப் படத்திற்கு மை பூசிய தொழிலாளி யார் என்று எவராவது கேட்டதுண்டா? கேட்டால் அது வெறும் காகிதமாகி விடுமல்லவா!

1894-ல் ரவிவர்மா பம்பாயில் ஜெர்மன் இயந்திரங்களைக் கொண்டு அச்சுக்கூடம் வைத்தார். அது முதற்கொண்டு சாமி படங்கள் மலிந்தன. எவரைக் கோவிலுக்குள் விட 1947-ல் சென்னை சர்க்கார் சட்டம் போட வேண்டியிருந்ததோ, அவர் குடிசைக்கே சாமி காகிதமாய்ப் போய்ச் சேர்ந்தார். அப்போது எந்தத் தீட்டும் ஒட்டவில்லை. காசு கைமாறியதுதான் மிச்சம்!

நமக்கு அடுத்த சித்தூர் ஜில்லாவில் 1925-ல் பிறந்தவர் கிருஷ்ணா ரெட்டி என்னும் ஓவியர். பாரிஸில் ஹேட்டர் என்பவரின் பட்டறையில் சேர்ந்து, ஒரே தகட்டில் பல வர்ண மைகளை ஏற்றி, ஒரே அழுத்தில் அச்செடுக்கும் முறையை மற்றவர்களோடு சேர்ந்து கண்டவர். அது மந்திரமா? இல்லை. தகட்டில் மேடும் பள்ளமும் செதுக்கினார்கள். மெதுவான உருளை பள்ளம் வரை மையைக் கொண்டு போகும். கடினமான உருளை மேட்டை மட்டும் தொடும். எண்ணெய் கூடிய மையும் குறைந்த மையும் ஒன்றோடொன்று கலவாது. இவ்வளவுதான் ரகசியம்! அதையும் அவர் மூடி வைக்கவில்லை. 2018-ல் மறையும் வரை நெடுங்காலம் தேசம் தேசமாகக் கல்லூரிப் பட்டறைகளுக்குப் போய், மாணவர் கண் முன்னே செய்து காட்டினார். காதோடு காதாய் மந்திரம் ஓதுகிறவர்களுக்கும் இவருக்கும் உள்ள பேதத்தை வாசகர்களே யோசிக்கட்டும்.

“பசித்தவனுக்குப் படம் எதற்கு?” என்பார் சிலர். 1943-ல் வங்காளப் பஞ்சத்தில் சித்தபிரசாத் என்ற ஓவியர் கிராமங்களில் நடந்து போய், பட்டினி கிடந்தோரை வரைந்து புத்தகமாக அச்சிட்டார். வெள்ளைக்கார சர்க்கார் பிரதிகளைப் பறித்து அழித்தது. படத்திற்குச் சக்தி இல்லையென்றால் சர்க்கார் ஏன் பயந்தது?

ஆகவே நாம் கேட்பது இதுதான். 1850-ல் ஏற்பட்ட சென்னை ஓவியக் கல்லூரிக்கும் கும்பகோணம் கல்லூரிக்கும் விருந்தாக வரும் ஓவியர்களைக் கல்லூரிச் சுவருக்குள்ளேயே நிறுத்தி வைப்பானேன்? திருவண்ணாமலைப் பள்ளிப் பிள்ளைகளிடமும் அழைத்து வாருங்கள். பெரிய இயந்திரம்கூட வேண்டாம். ஒரு லினோலியத் துண்டு, செதுக்கும் கத்தி, மை, காகிதம், தேய்க்க ஒரு கரண்டி போதும். நாற்று நடும் தாயை, செருப்புத் தைக்கும் தகப்பனைப் பிள்ளைகள் செதுக்கி அச்செடுக்கட்டும்.

தன் கையால் ஒரு படம் அச்செடுத்த பிள்ளை, எந்தப் படத்தைக் கண்டாலும், “இதைச் செய்தவன் யார்?” என்றுதான் கேட்கும். காகிதத்தைக் கண்டு கும்பிடு போடாது. அந்த ஒரு கேள்விக்காகவே அந்தப் பட்டறை வேண்டும் என்கிறோம்.