கொஞ்சம் வழிவிட்டால்...

செய்தித்தாளின் மூலையில், சிறு கட்டத்துக்குள் சில செய்திகள் வருவதுண்டு. ஆட்டுக்குட்டிக்குப் பால் கொடுத்த நாய், அஞ்சற்பெட்டிக்குள் கூடு கட்டிய குருவி என்று அவை நீளும். தலைப்புச் செய்திகளைப் படித்துக் களைத்த கண்களுக்கு அவை கோடைக்கால இளநீர் போன்றவை. படிக்கிறோம்; சிரிக்கிறோம்; பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுகிறோம்; பிறகு மறந்துவிடுகிறோம். 'இயற்கையின் விந்தை' என்று அவற்றுக்கு ஒரு தலைப்பும் இட்டுவிடுகிறோம்.

அந்தத் தலைப்பில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. குருவி கூடு கட்டுவதில் என்ன விந்தை? அதற்கு வேறென்ன வேலை? அதைக் கலைக்காமல் ஒரு மனிதன் தன் கையை மடக்கிக்கொண்டானே, விந்தை அங்கேதான் இருக்கிறது. நம் மனத்தைக் குளிர்விக்கும் இத்தகைய செய்திகள் பலவற்றின் பின்னால், தம் வசதியில் ஒரு துளியை விட்டுக்கொடுத்த யாரோ ஒருவர் இருக்கிறார். அவரை நாம் பார்ப்பதில்லை என்பதே என் வழக்கு.

சிவகங்கை மாவட்டத்தில் பொத்தகுடி என்றொரு சிற்றூர். 2020ஆம் ஆண்டில் அவ்வூர்த் தெருவிளக்குகளுக்கான சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சின்னஞ்சிறு பறவை கூடு கட்டி முட்டையிட்டது. மாலையில் அந்த விளக்குகளை ஏற்றும் வேலையைப் பார்த்துவந்தவர் ஒரு கல்லூரி மாணவர், நம்மைப் போன்றவர்தாம். அவர் கூட்டைப் பிய்த்து எறியவில்லை. படம் பிடித்து ஊராரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை விளக்கு எரிக்க வேண்டாம் என்று கேட்டார். ஒரு குருவிக்காக ஊரே இருட்டில் கிடப்பதா என்று மறுத்தவர்களும் இருந்தார்கள். பேசிப் பேசித்தான் இசைய வைக்க முடிந்தது. ஒரு மாதத்துக்கும் மேலாகத் தெருவிளக்குகள் எரியவில்லை. குஞ்சுகள் பறந்த பிறகே ஊருக்கு வெளிச்சம் வந்தது.

இதில் பறவை செய்தது எல்லாப் பறவைகளும் செய்வது. ஊர் செய்ததோ எல்லா ஊர்களும் செய்யாதது!

இவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும் இதே குணத்தை நான் போத்தனூரில் எங்கள் தெருவிலேயே கண்டிருக்கிறேன். தெருமுனையில் தள்ளுவண்டியில் துணி தேய்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். சென்ற ஆண்டு அவர் வண்டியின் அடித்தட்டில், கரி மூட்டையின்மேல், ஒரு பூனை நான்கு குட்டிகள் போட்டது. மூட்டையை இழுத்தால் குட்டிகள் கலைந்துவிடும். எனவே மூன்று வாரம் அவர் கரியைக் கடையில் சில்லறையாக வாங்கினார். மூட்டையாக வாங்குவதைவிட அது விலை கூடுதல். மதியத்தில் வண்டியை வேப்பமர நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போகும் வழக்கத்தையும் விட்டுவிட்டு வெயிலிலேயே நின்றார். "ஏனுங்கய்யா இத்தனை சிரமம்?" என்று கேட்டேன். "இருக்கட்டுங் கண்ணு. கண்ணத் தொறந்தா அதுகளாப் போயிக்கும்" என்றார். துணி கொடுக்க வந்தவர்கள் குனிந்து குட்டிகளைப் பார்த்து மகிழ்ந்தார்கள். அவர் தலைமேல் இருந்த வெயிலை யாரும் பார்க்கவில்லை.

ஒருவர் செய்வதை ஊர்கள் சேர்ந்து செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் கொங்கு நாட்டிலேயே சான்று உண்டு. ஈரோடு மாவட்டம் வெள்ளோட்டில் 1996இல் பறவைகள் சரணாலயம் அமைந்தது. அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. விளக்கேற்றிக் கொண்டாடுகிறார்கள், குழந்தைகள் மத்தாப்புக் கொளுத்துகிறார்கள். அவ்வளவுதான். ஐப்பசி மழையோடு வந்து இறங்கும் பறவைகள் அஞ்சி ஓடக்கூடாது என்பதே காரணம். 2022இல் அந்த ஏரி ராம்சர் ஈரநிலமாக உலகப் பட்டியலில் ஏறியது. பட்டியலில் ஏரியின் பெயர் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆசையை அடக்கிக்கொள்ளும் பத்து வயதுச் சிறுவனின் பெயர் இல்லை. பத்து வயதில் வெடியை விட்டுக்கொடுப்பது எவ்வளவு பெரிய தியாகம் என்பதை நாமெல்லாம் அறிவோம் அல்லவா?

இன்னும் ஒரு படி மேலே சென்று யோசித்தால், எங்கள் போத்தனூரே வழிவிட்டதால் வாழ்வு பெற்ற ஊர் எனலாம். வழிவிட்டது மனிதன் அன்று, மலை! நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்கிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். அந்த வாசல் வழியாகத்தான் ஆனி, ஆடியில் நம் சட்டையைப் பறிக்கும் காற்று வருகிறது. அந்த வாசல் வழியாகத்தான் இரயிலும் வந்தது. சென்னையை மேற்குக் கடற்கரையின் பேப்பூரோடு இணைக்கும் பாதையில் 1862இல் போத்தனூர் நிலையம் எழுந்தது. கோவை நகருக்கோ, போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பிரிந்த கிளைப்பாதையில், 1873இல்தான் நிலையம் கிடைத்தது. போத்தனூர்க்காரனாகிய எனக்கு இதைச் சொல்வதில் சிறு செருக்கு உண்டு. மாநகர நண்பர்கள் பொறுத்தருள்க!

பட்டாம்பூச்சிகளும் கோவைப் பக்கமாகப் பயணம் போகின்றன. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, கிழக்கிலுள்ள மலைகளிலிருந்தும் சமவெளிகளிலிருந்தும் மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கி அவை கூட்டம் கூட்டமாகப் பறக்கின்றன. கோடையில் மறுபடி கிழக்கே திரும்புகின்றன. கறுப்பு இறகில் நீலத் தீற்றல் உள்ளவையும், வெண்புள்ளிகள் உள்ளவையும் இவற்றுள் மிகுதி. வழியில் கிலுகிலுப்பைச் செடி இருந்தால் போதும், ஆண் பூச்சிகள் அதை மொய்த்துக்கொள்ளும். அச்செடியின் கசப்புச் சாறு அவற்றுக்கு வேண்டும். பெண் பூச்சியைக் கவரும் மணத்தை அந்தச் சாற்றிலிருந்தே அவை ஆக்கிக்கொள்கின்றன. நாம் களை என்று காலால் மிதிக்கும் செடி, அவற்றுக்கு வாசனைத் திரவியக் கடை!

வழிவிட்டதன் பயனைச் சொன்ன நான், வழிவிடாததன் விளைவையும் சொல்லத்தான் வேண்டும். போத்தனூரிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் அதே இரயில் பாதை மதுக்கரைக்கு அப்பால் யானைகளின் பாதையைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. 2021 நவம்பர் 26 இரவு, நவக்கரை அருகே விரைவு வண்டி மோதி மூன்று யானைகள் இறந்தன. அதன் பிறகே விழித்தோம். 2024 பிப்ரவரியில் மதுக்கரை வனச்சரகத்தில் 12 கோபுரங்களில் கேமராக்கள் பொருத்தப்பட்டு, செயற்கை நுண்ணறிவின் துணையோடு கண்காணிப்புத் தொடங்கியது. யானை தண்டவாளத்தை நெருங்கினால் ஓட்டுநருக்குத் தகவல் போகும். அவர் வேகத்தைக் குறைப்பார். யானைகள் கடந்து செல்லத் தண்டவாளத்துக்கு அடியில் வழிகளும் அமைக்கப்பட்டன. இனி அப்பாதையில் வண்டி மெதுவாகச் சென்றால், "ஏன் இப்படி ஊர்கிறது?" என்று கடிகாரத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் முன் சன்னல் வழியே ஒருமுறை எட்டிப் பார்ப்போம். ஐந்து நிமிடத் தாமதம் ஒரு தாய்க்கும் கன்றுக்கும் நாம் கொடுத்த நேரமாக இருக்கக்கூடும்.

"எழுதுவது எளிது, என் தோட்டத்துக்கு வந்து பார்" என்று உழவர் ஒருவர் என்னைக் கேட்டால், அவர் கேள்வியில் நியாயம் உண்டு. பேகன் மயிலுக்குப் போர்வை தந்த கதையைப் பள்ளியில் படித்துப் பாராட்டினோம். இன்று கொங்கு நாட்டு உழவர் மயிலுக்குத் தருவது போர்வையை அன்று, விதைத்த விதையையும் விளைந்த தக்காளியையும்! பேகன் அரசன், ஒரு போர்வை போனால் இன்னொன்று உண்டு. இரண்டு ஏக்கர்க்காரருக்கு மறு விதைப்பு உண்டா? ஆகவே, எதையும் இழக்காதவன் இழப்பவனைப் பார்த்து 'வழிவிடு' என்று உபதேசம் செய்வது அறமாகாது. உழவரின் இழப்பை ஊரும் அரசும் பகிர்ந்துகொள்ளட்டும். அதன் பிறகு மயிலின் அழகைப் பற்றிப் பேசலாம். பொத்தகுடியின் பெருமையும் இதுதான். அங்கே இருட்டில் நடந்தவர்களே இருட்டுக்கு இசைந்தார்கள்.

அப்படியானால், நாம் எதை விட்டுக்கொடுக்கலாம்? நம்மிடம் இருப்பதைத்தான். நம் கல்லூரியின் பின்பக்கச் சுற்றுச்சுவர் ஓரத்தில், வகுப்பறைகளுக்கும் விடுதிக்கும் எட்டத்தில், பத்து சென்ட் அளவுக்கு ஓர் இடம் இருக்கிறது. எருக்கும் கிலுகிலுப்பையும் தாமாக முளைக்கின்றன. ஆண்டுதோறும் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நாமே அரிவாளும் மண்வெட்டியும் கொண்டு அதை மொட்டையடித்து, படமும் எடுத்துக்கொள்கிறோம். பாதைகளைத் தூய்மை செய்வோம், குப்பையை அகற்றுவோம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. அந்தப் பத்து சென்டை மட்டும் விட்டுவிடுவோமே! பாம்பு வரும் என்று அஞ்சுவோர்க்காக ஒரு வேலி கட்டுவோம். தாவரவியல், விலங்கியல் துறைப் பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்ட, எந்த மாதத்தில் எந்தப் பூச்சி வந்தது என்று ஒரு குறிப்பேடு வைப்போம்.

செலவு அதிகமில்லை. முகாம் அறிக்கையில் தூய்மை செய்த பரப்பு பத்து சென்ட் குறையும். பார்வையிட வருபவர்களில் யாரேனும் ஒருவர், "இந்த மூலை ஏன் இப்படிக் கிடக்கிறது?" என்று முகம் சுளிக்கலாம். அந்தச் சுளிப்பே நாம் தரும் விலை. வரும் ஐப்பசியில் பட்டாம்பூச்சிகள் அவ்வழியே வருமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வந்தால் இறங்க அவற்றுக்கு ஓர் இடம் இருக்கும்.