தலைப்பிரட்டையின் வால்

பள்ளிப் புத்தகங்களில் தவளையின் சரித்திரம் நான்கு படங்களில் முடிந்துவிடும்: முட்டை, தலைப்பிரட்டை, கால் முளைத்த தலைப்பிரட்டை, தவளை. முதற் படத்தில் நூற்றுக்கணக்காக இருந்தவை கடைசிப் படத்தை எட்டுமுன் எங்கே போயின என்று புத்தகமும் சொல்வதில்லை, மாணவர்களும் கேட்பதில்லை.

அவற்றில் பலவற்றைத் தின்று தீர்ப்பது, நேயர்கள் வீட்டுக் குழந்தைகள் வாலில் நூல் கட்டி விளையாடும் தட்டாரப் பூச்சியின் இளம்பருவமே. தட்டான் நீரிலும் நீரோரத்திலும் முட்டையிடுகிறது. அதிலிருந்து வெளிப்படுவது சிறகற்ற, சேற்று நிறமான ஒரு ஜந்து. இனத்துக்கேற்பச் சில வாரங்களோ சில வருஷங்களோ அது நீருக்குள்ளேயே வசிக்கும். அதன் கீழுதடு முழங்கையைப்போல் மடிந்து முகத்தின் அடியில் கிடக்கும். நுனியில் இரண்டு கொக்கிகள். இரை அருகே வந்ததும் அவ்வுதடு நீண்டு, கவ்வி, வாய்க்கு இழுத்துக்கொள்ளும். ஒரு விநாடியை நூறு கூறாக்கினால் அவற்றுள் சில கூறுகளே இதற்குப் போதும். சுவாசமோ பின்குடலிலுள்ள செவுள்களால்! ஆபத்து நேர்ந்தால் அங்குள்ள ஜலத்தையே பீச்சி முன்னே பாய்ந்துவிடும்.

இத்தகைய சத்துருவின் முன்னே தலைப்பிரட்டை என்ன செய்ய இயலும்? வட அமெரிக்காவின் சாம்பல்நிற மரத்தவளை இனத்தைக்கொண்டு மக்கொல்லம், வான் புஸ்கிர்க் என்னும் இருவர் செய்த ஆராய்ச்சி 1996-இல் வெளியாயிற்று. தட்டானின் இளம்பூச்சி உள்ள நீரில் வளர்ந்த தலைப்பிரட்டைகளுக்கு வால்துடுப்பு அகன்றது. பளிச்சென்று நிறமும் ஏறிற்று. எதிரி கூண்டில் அடைபட்டிருந்தாலும் தலைப்பிரட்டைகள் அதனை உணர்கின்றன. நீரில் கரைந்து வரும் வாசனையே அவற்றுக்கு எச்சரிக்கை.

ஒளிந்து வாழவேண்டிய பிராணிக்குப் பகட்டான வால் எதற்கு? அடி தலையில் விழாமல் வாலில் விழுவதற்கென்று கருதுகிறார்கள். கிழிந்த வால் மீண்டும் வளரும். தலை போனால் போனதுதான்.

அப்படியானால் எல்லாத் தலைப்பிரட்டைகளும் இவ்வாலுடனேயே பிறக்கலாகாதா? அதற்கு விலை உண்டு. எதிரியில்லாத நீரில் சாதாரண வாலுடையவையே நன்றாகப் பிழைத்தன. அன்றியும், அச்சத்தால் அசையாமல் கிடக்கும் தலைப்பிரட்டைக்கு ஆகாரம் குறையும், வளர்ச்சி தாமதிக்கும். வெயிலில் வற்றிவரும் குட்டையில் அந்தத் தாமதமும் மரணமே.

தப்பியவை தவளைகளாகிக் கரையேறுகின்றன. இளம்பூச்சியும் ஒருநாள் கோரைத் தண்டில் ஏறித் தோலுரிக்கும். சிறகு உலரும்வரை அதனால் பறக்க இயலாது. கரையிலே தவளைகள் காத்திருக்கும்.