இலக்கம் உள்ள இயந்திரமும் சான்று இல்லாத கையும்

பழைய மோட்டார் சைக்கிள்களைச் செப்பனிடுவது செல்வரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உளர். மலையகத்தில் அதனைப் பொழுதுபோக்காக மட்டும் நான் காணவில்லை. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளைச் சாகவிடாமல் காத்தவர்கள் ஊர்தோறும் உள்ள பட்டறைக்காரர்கள். அவர்களுடைய நிலையை உணர, முதலில் வண்டியின் கதையை அறிதல் நன்று.

அமெரிக்காவில் 1901இல் ஸ்பிரிங்பீல்ட் நகரில் ‘இந்தியன்’ வண்டியும், 1903இல் மில்வாக்கியில் ‘ஹார்லி டேவிட்சன்’ வண்டியும் பிறந்தன. 1911இல் ஐல் ஒவ் மேன் தீவின் பெரும்பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் இந்தியன் வண்டிகளே பெற்றன. இரண்டாம் உலகப் போரில் ஹார்லியின் 740 கன சென்ரிமீற்றர் வண்டி பல்லாயிரக்கணக்கில் படைகளுக்குச் சென்றது. பழைய இந்தியன் நிறுவனம் 1953இல் உற்பத்தியை நிறுத்திற்று. இன்று அவ்வண்டிகளுக்கு உலகெங்கும் பெருவிலை.

அவ்விலையை நிர்ணயிப்பது மேற்பூச்சின் பளபளப்பு மட்டும் அன்று. 1970க்கு முற்பட்ட ஹார்லியின் சட்டத்தில் அடையாள இலக்கம் இராது. இயந்திரத்தின் இடப்புறத்தில் பொறித்த இலக்கமே அதன் பிறப்புச் சான்று. ஆண்டும் வகையும் அதிலேயே விளங்கும். யாரேனும் அதைச் சுரண்டித் திருத்தியிருப்பின் வண்டியின் மதிப்பு வீழ்ந்துவிடும்.

நுவரெலியா, ஹற்றன் தோட்டங்களில் துரைமார் காலத்தில் மிகுதியாக ஓடியவை பிரித்தானிய வண்டிகள். நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. பழைய அமெரிக்க வண்டியோ கையால் கியர் மாற்றி, காலால் கிளச்சை இயக்குவது. நம் மலைப்பாதையின் ஏற்றத்தில் நின்று புறப்படுகையில் புதியவரைத் தடுமாற வைக்கும். எந்நாட்டு வண்டியாயினும் பழுது ஒன்றுதான். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அளவு கூடிய பிஸ்டனைப் பொருத்த வேண்டும். எரிந்துபோன மக்னீற்றோவின் கம்பிச் சுருளை மீளச் சுற்ற வேண்டும். கடையில் கிடைக்காத புஷ்ஷைக் கடைசல் இயந்திரத்தில் ஆக்கிக்கொள்ள வேண்டும். இவ்வித்தைக்குத் தேயிலைத் தொழிற்சாலையே பள்ளிக்கூடம். கேன்ஸ்பரோவிலும் பெல்பாஸ்ட்டிலும் வார்த்த இயந்திரங்களைப் பல தலைமுறை காலம் ஓட வைத்த கைகள் அங்கே பயின்றவை.

இயந்திரத்திற்கு இலக்கம் உண்டு. அதைத் திருத்தும் கைக்கு என்ன உண்டு? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே வழிகாட்டியது. ‘இந்தியன்’ என்ற பெயர் ஒரு வண்டிக்கு விலையை உயர்த்த, அதே பெயர் இம்மக்களுக்கு உரிமையை மறுத்தது. குடியுரிமைப் பத்திரம் இன்று கைக்கு வந்துவிட்டது. தொழிலுக்கான பத்திரமோ பலருக்கு இன்னும் வரவில்லை.

அதற்கு வழி இல்லாமல் இல்லை. பள்ளியிற் பயிலாது பட்டறையிற் கற்றவருக்கும், திறனைச் சோதித்துத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நம் நாட்டில் உண்டு. அச்சோதனை தோட்டத்தின் வாயிலுக்கு வர வேண்டும். தமிழில் நடைபெற வேண்டும். ஹற்றனில் உள்ள தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் போன்றவற்றில் முதிய பிற்றர்களை ஆசிரியர்களாக அமர்த்துதல் தகும். சான்றில்லாத இளைஞன் கொழும்பிலும் கூலியாள். கடல் கடந்தாலும் கூலியாள். சான்றுடையவனோ தன் கூலியைத் தானே பேசலாம்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதிய பட்டறைக்காரரிடம் சென்று, அவர் செய்முறையை அவர் சொல்லிலேயே எழுதி வையுங்கள். துருப்பிடித்த வண்டியை ஐம்பது ஆண்டுகள் கழித்தும் மீட்கலாம்; திருத்தத் தெரிந்த கை ஓய்ந்தபின் அதனை மீட்க எந்தப் பட்டறையும் இல்லை.