கடல் வழிவிடும் வேளை

மாதுங்காவில் எம் அண்டை வீட்டு அன்பரின் குமாரன் கலிபோர்னியாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். வரும் ஜூன் மாதம் தோழர் மூவருடன் அந்நாட்டின் ‘லாஸ்ட் கோஸ்ட்’ என்னும் கடற்கரையில் மூன்று நாள் நடக்கப் போவதாகக் கூறி, நீண்ட பட்டியலொன்றை எங்கள் முன் விரித்தான். கூடாரம், அடுப்பு, உறங்கும் பை என அனைத்தும் அதில் இருந்தன. தந்தையார் மெச்சினார். அன்னையோ, “கடல் எவ்வளவு தொலைவில் இருக்கும்?” என்று ஒன்றே ஒன்று கேட்டார்.

“காலடியில், அம்மா.”

கேட்கவேண்டிய கேள்வி அதுவே. மாட்டோல் ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து பிளாக் சாண்ட்ஸ் கடற்கரை வரை அப்பாதை ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கிங் மலைத்தொடர் கடலோரத்திலேயே செங்குத்தாக எழுவதால், கரையோர நெடுஞ்சாலையும் அங்கே உள்நாட்டுப் பக்கம் ஒதுங்கிவிட்டது. 1970இல் அமெரிக்க அரசு அதனைப் பாதுகாப்புப் பகுதியாக்கியது. வழியில் கடை இல்லை; கைத்தொலைபேசியும் உதவாது.

அப்பாதையில் ஆறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள இரு பகுதிகள், கடல் ஏறுங்கால் நடக்க இயலாதவை. ஹாஜி அலி தர்காவின் நடைபாதை நீரில் மூழ்குவதை நாம் பலகாலும் கண்டிருக்கிறோம். இங்கு நாம் சாலையில் நின்று காத்திருக்கலாம். அங்கு நடுவழியில் அகப்பட்டவருக்கு ஒருபுறம் அலை, மறுபுறம் பாறைச் சுவர்.

கடல் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும். அவ்வேளை தினந்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே, திட்டத்தின் முதல் ஏடு ஷெல்டர் கோவ் துறைக்குரிய ஏற்றவற்ற அட்டவணையே ஆதல் வேண்டும். பிள்ளையாண்டானோ அலுவலக விடுப்பைப் பார்த்தே நாள் குறித்திருந்தான்! அட்டவணையை எடுத்துப் பார்த்தோம். அவன் கடினமான பகுதிக்கு வைத்திருந்த நாளில் வற்றம் விடியற்காலையில். அவன் எழுதியிருந்த புறப்பாடோ காலை ஒன்பது மணிக்கு. அந்நேரத்தில் நீர் ஏறத் தொடங்கியிருக்கும். அவன் வாய் திறக்கவில்லை.

பட்டியலை மறுபடி எழுதினோம். காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வீசுவதால் வடக்கே தொடங்கித் தெற்கு நோக்கி நடப்பது நலம். முன் அனுமதிச் சீட்டு இன்றியமையாதது. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்புண்டு. உணவெல்லாம் கரடி திறக்கவியலாத கெட்டிப் பெட்டியில் அடங்கவேண்டும் என்பது அங்குள்ள விதி. (அன்னையார் கட்டித்தந்த முறுக்குக்கும் இவ்விதி பொருந்தும்.) கரையில் நிற்கும்போது கடலுக்கு முதுகு காட்டலாகாது, திடீரென ஓர் அலை மற்றவற்றினும் உயர்ந்து வந்து ஆளை இழுத்துவிடும்.

விடுப்பு நாளை மாற்ற அவனுக்கு மனமில்லைதான். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் மாற்றிக்கொண்டான். புதிய தேதிகளுக்குரிய வற்ற நேரங்களை அன்னையார் எழுதி வாங்கி, சமையலறை நாட்காட்டியில் இராகு காலத்திற்குப் பக்கத்திலேயே பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார்.