இலைக்கு விலை வைத்த ஊர்

இந்த வாரமும் அந்தக் காணொளி வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. ஜப்பானின் ஷிகோகு தீவில் காமிகாட்சு என்றொரு மலையூர். அங்கே குப்பையை நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்களாம். அடியில் வழக்கமான வாசகம்: "அதான் ஜப்பான்காரன்!" இந்த வரியைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும் என்பது பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்.

காமிகாட்சுக்காரர்கள் துடைப்பத்தோடு பிறந்தவர்கள் இல்லை. 1990களில்கூடத் திறந்தவெளியில் குப்பையைக் கொளுத்தியவர்கள்தான். பிறகு எரியுலை வந்தது; எரிப்பதால் எழும் டையாக்சின் நச்சுக்கான விதிகள் இறுகியதும் அதையும் மூட வேண்டியதாயிற்று. சுமார் இரண்டாயிரம் பேரே இருந்த ஊர் புது உலைக்கு எங்கே போகும்? பிரித்தால் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டார்கள். 2003-ல் 'குப்பையில்லா ஊர்' என்று அறிவித்தார்கள். குப்பை வண்டி கிடையாது. அவரவரே கொண்டுபோய்ப் போட வேண்டும். கையைக் கடித்தபோது வந்த புத்தியை ரத்தத்தில் ஊறிய ஒழுக்கம் என்றால் எப்படி?

குப்பை போதும். அந்த ஊரில் இலை விற்கிறார்களே, அதை ஏன் யாரும் எனக்கு அனுப்புவதில்லை?

1981-ல் கடுங்குளிர் அடித்து ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போயின. வேளாண் கூட்டுறவில் ஆலோசகராக இருந்த யோகோஇஷி தொமோஜி என்ற இளைஞர் ஒருநாள் ஒசாகாவில் சூஷி சாப்பிடப் போனார். அங்கே ஒரு பெண், தட்டில் அழகுக்கு வைத்திருந்த மேப்பிள் இலையை ரசித்துக் கைக்குட்டையில் மடித்து எடுத்துக்கொண்டாள். நம் மலையில் கொட்டிக் கிடக்கிறதே என்று இவருக்குப் பொறி தட்டியது. ஊரார் சிரித்தார்கள். 1986-ல் தொடங்கிய வியாபாரம் முதலில் படுத்தேவிட்டது. சொந்தக் காசைப் போட்டு உயர்தர உணவகங்களில் சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் அவர் சூட்சுமம் கற்றார்: இலை தட்டுக்கு அடங்க வேண்டும், பருவத்துக்குச் சற்று முன்பே வர வேண்டும்.

இன்று எழுபது, எண்பது வயதுப் பாட்டிகள் காலையில் டேப்லெட்டோடு உட்கார்ந்து, ஆர்டர் வந்ததும் முந்திப் பிடிக்கிறார்கள். புள்ளி விழுந்தது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் கழித்து, ஒரே அளவாகப் பார்த்து டப்பாவில் அடுக்குகிறார்கள். விற்பனையில் தான் எத்தனையாவது இடம் என்பதும் திரையில் தெரிந்துவிடும். அப்புறம் தூக்கம் வருமா?

முதியோர் தினத்தன்று பொன்னாடை போர்த்திக் கைகூப்புகிறவர்களுக்கு ஒரு யோசனை: பாட்டிக்குக் கொஞ்சம் சம்பாத்தியமும் தோற்கடிக்க ஒரு பக்கத்து வீட்டுக்காரியும் கொடுத்துப் பாருங்கள். மூட்டுவலியை விசாரிக்கப் போனால், "அப்புறம் வா, வேலை கிடக்கு" என்று விரட்டுவாள்.