படத்தில் இருந்தவர்கள் எங்கே?



சென்ற வாரம் அலுவலக அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது, பழைய இதழ்களுக்கு நடுவே ஒரு குழுப் படம் கிடைத்தது. 2015 டிசம்பர் 20, கோவாவின் ஃபட்டோர்டா மைதானம். சென்னையின் எஃப்சி வீரர்கள் தங்கள் முதல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையைச் சுற்றிக் குதித்துக்கொண்டிருக்கிறார்கள். படத்தை வாங்கிப் பார்த்த எங்கள் இளம் உதவி ஆசிரியர் கேட்டார்: "சார், இதில் இன்னும் யார் அந்த அணியில் ஆடுகிறார்கள்?"

ஒருவரும் இல்லை என்றேன். சொன்ன பிறகு அந்தப் பதில் என் மனதை விட்டுப் போகவில்லை. இந்த மாதம் உங்களோடு அதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

அந்த டிசம்பரை நம்மில் பலரால் மறக்க முடியாது. சென்னை வெள்ளத்தில் கிடந்தது. சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேவில் ஆடினார்கள். அங்கே கொல்கத்தா அணியை 3-0 என்று வென்றார்கள். லீக் நடுவில் கடைசி இடத்தில் இருந்த அணி சென்னை. இறுதிப்போட்டியிலும் ஆட்டம் முடியும் தறுவாயில் கோவா 2-1 என்று முன்னிலையில் இருந்தது. 90-ஆவது நிமிடத்தில் கோவாவின் கோல்கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணியின் கையில் பட்டுப் பந்து அவருடைய வலைக்குள்ளேயே போனது. சேம்சைடு கோல். அடுத்த இரண்டே நிமிடத்தில் ஸ்டிவன் மெண்டோசா வெற்றி கோலை அடித்தார். அந்தத் தொடரில் அவர் அடித்த 13-ஆவது கோல் அது. வீட்டுக்குள் புகுந்த தண்ணீரின் கறை சுவரில் காயாத நாட்களில் நம் ஊருக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி என்று அன்று பலர் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பத்து மாதம் கழித்து, 2016 சீசன் தொடங்கியபோது மெண்டோசா இல்லை. அவர் நியூயார்க்கில் ஆடிக்கொண்டிருந்தார். நடுகளத்தின் மூளையாக இருந்த எலானோ பிரேசிலுக்கே திரும்பிவிட்டார். எட்டு அணிகள் ஆடிய லீகில் நடப்புச் சாம்பியன் ஏழாவது இடத்தில் முடித்தது. எட்டாவதாக வந்தது கோவா. முந்தைய ஆண்டு இறுதிப்போட்டியில் மோதிய இரண்டு அணிகளும் பட்டியலின் கடைசி இரண்டு இடங்களில் நின்றன.

அந்த நாட்களில் ஐஎஸ்எல் தொடரே ஏறக்குறைய இரண்டரை மாதம்தான். வெளிநாட்டு வீரர்கள் பலர் அந்த இரண்டரை மாதத்துக்கு மட்டும் கையெழுத்துப் போட்டு வந்தவர்கள். இந்திய வீரர்களில் பலர் ஐ-லீக் கிளப்களிலிருந்து கடனாக வந்தவர்கள். திருவிழாவுக்குக் கூடிய கூட்டம் போல அணி கூடியது, திருவிழா முடிந்ததும் கலைந்தது. 2017-இல் லீக் நீண்டது, அணிகள் பத்தாயின. ஆனால் அதற்குமுன் எல்லா அணிகளும் ஏறக்குறைய முழுமையாகக் கலைக்கப்பட்டன. ஒவ்வொரு கிளப்பும் தன் மூத்த இந்திய வீரர்களில் இருவரை மட்டுமே தக்கவைத்துக்கொள்ளலாம் என்பது விதி. சென்னை தக்கவைத்த அந்த இருவர், முன்கள வீரர் ஜெஜே லால்பெக்லுவாவும் கோல்கீப்பர் கரன்ஜித் சிங்கும். மற்ற இந்திய வீரர்களில் பலர் ஏலக்கூடம் போன்ற ஒரு அறையில், பெயர்ப்பட்டியலிலிருந்து வெவ்வேறு அணிகளுக்குப் பிரிந்து போனார்கள்.

வாசகர்கள் சிலருக்கு இதில் கோபம் உண்டு என்று எனக்குத் தெரியும். "நேற்றுவரை நம் சட்டையின் சின்னத்தை முத்தமிட்டவன் இன்று எதிரணியில் நிற்கிறானே" என்று என்னிடமே நேரில் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அதை ஏற்கவில்லை. கால்பந்து வீரனின் சம்பாதிக்கும் காலம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். ஒரு முழங்கால் திரும்பிக்கொண்டால் அதுவும் இல்லை. கோப்பை வென்ற மறுமாதம்தான் அவனுக்கு வாழ்நாளின் நல்ல விலை கிடைக்கும். அதை வேண்டாம் என்று சொல்லும்படி அவனிடம் கேட்க நமக்கு உரிமை இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இடம் மாறுவதுதான் சில வீரர்களுக்கு மறுவாழ்வு தருகிறது. 2015 இறுதிப்போட்டியில் சேம்சைடு கோலின் பாரத்தைச் சுமந்து தலைகுனிந்து நின்ற கட்டிமணியை நினைத்துப் பாருங்கள். 2022 மார்ச்சில், அதே ஃபட்டோர்டா மைதானத்தில், இன்னொரு ஐஎஸ்எல் இறுதிப்போட்டி. இப்போது அவர் ஹைதராபாத் எஃப்சியின் கோல்கீப்பர். கேரளாவுக்கு எதிரான ஆட்டம் 1-1 என்று சமனில் முடிந்து பெனால்டிக்குப் போனது. கட்டிமணி மூன்று பெனால்டிகளைத் தடுத்தார். ஹைதராபாத் சாம்பியன் ஆனது. அவரை ஒரே கிளப்பில் கட்டிவைத்திருந்தால் அந்த இரவு அவருக்குக் கிடைத்திருக்குமா என்று யோசிக்கிறேன். ஆகவே, வீரர்கள் போவதைக் குற்றமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

அப்படியானால் சாம்பியன் அணி மறு ஆண்டு சரிவது எதனால்? பலரும் எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணுகிறோம். பல ஆண்டுகளாக இந்த விளையாட்டைப் பார்த்த பிறகு, அந்தக் கணக்கு நம்மை ஏமாற்றுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு வீட்டில் பத்து ஓடு உடைந்தாலும் குடியிருக்கலாம். நடுத்தூண் ஒன்று சரிந்தால் இருக்க முடியாது.

இதற்கும் நம் சென்னையே சான்று. 2018 மார்ச் 17, பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானம். எதிரணியின் கோட்டைக்குள் புகுந்து சென்னை 3-2 என்று வென்று இரண்டாவது கோப்பையைத் தூக்கியது. கார்னரில் வந்த இரண்டு பந்துகளைத் தலையால் முட்டி மைல்சன் ஆல்வெஸ் இரண்டு கோல் போட்டார். மூன்றாவது கோல் ரஃபேல் அகஸ்டோவுடையது. 2015-இல் கோப்பை வென்ற குழுவிலிருந்து இந்தக் கோப்பைக்கும் வந்துசேர்ந்த சிலரில் அவரும் ஒருவர். மறு சீசனுக்கு அணி 2016 போலக் கலையவில்லை. பயிற்சியாளர் ஜான் கிரெகரி இருந்தார். மைல்சன், அகஸ்டோ, ஜெஜே, கரன்ஜித் இருந்தார்கள். ஆனால் பின்களத்தை ஆண்ட கேப்டன் ஹென்ரிக் செரெனோ போய்விட்டார். நடுகளத்தின் ரெனே மிஹெலிச் டெல்லிக்குப் போனார். எல்லாவற்றையும்விட, வியாசர்பாடியின் பிள்ளை தன்பால் கணேஷ், கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் நம் மண்ணில் கோல் போட்ட கணேஷ், காயத்தால் அந்த சீசன் முழுக்கக் களத்துக்கு வர முடியவில்லை. ஜெஜேவின் கால் கோல் போட மறந்தது.

18 ஆட்டங்களில் 2 வெற்றி, 9 புள்ளி. பத்து அணிகளில் பத்தாவது இடம். நடப்புச் சாம்பியனுக்கு நேர்ந்தது இது.

இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டிக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுவே. 2016-இல் உலகமே வியக்கும்படி பிரீமியர் லீக் பட்டத்தை வென்ற அந்த அணியிலிருந்து வார்டி போகவில்லை, மஹ்ரெஸ் அந்த ஆண்டு போகவில்லை. முதல் பதினொருவரில் போனவர் என்கோலோ கான்டே ஒருவர்தான். எதிரணியின் தாக்குதல் பின்களத்துக்கு வந்துசேரும் முன்பே ஓடி ஓடிப் பந்தைப் பறித்துத் தரும் நடுகள வீரர் அவர். மறு ஆண்டு லெஸ்டர் 12-ஆவது இடத்துக்கு இறங்கியது. பட்டம் வாங்கித் தந்த பயிற்சியாளர் ரனியேரி பிப்ரவரியிலேயே நீக்கப்பட்டார். கான்டே போய்ச் சேர்ந்த செல்சி சாம்பியன் ஆனது.

தூண் சரிவது ஒரு வகை. அடித்தளமே கரைவது இன்னொரு வகை. அதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. கட்டிமணி கோப்பை வாங்கித் தந்த ஹைதராபாத், 2022-23-இல் லீக் பட்டியலில் இரண்டாவதாக வந்தது. அதற்கடுத்த சீசனில் பணம் வற்றியது. சம்பள பாக்கி காரணமாகப் புது வீரர்களைச் சேர்க்கவே ஃபிஃபா தடை விதித்தது. வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியேற, எஞ்சிய இளைஞர்களை வைத்துக்கொண்டு ஆடிய அணி 22 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றை வென்று 8 புள்ளியோடு கடைசியாக வந்தது. அங்கே வீரர்கள் போனதற்கு அவர்களின் ஆசை காரணமல்ல. மாதச் சம்பளம் வராத வேலையில் யார் எத்தனை நாள் இருக்க முடியும்?

இனி நம் கோயம்புத்தூர் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடிக்க எனக்கு மனம் வராது. 2019 மார்ச் 9, கோவை நேரு விளையாட்டரங்கம். ஐ-லீகின் கடைசி நாள். பெயரில் சென்னை இருந்தாலும் கோவையில் ஆடிய சென்னை சிட்டி எஃப்சி வென்றே ஆக வேண்டும். தொடக்கத்திலேயே மினர்வா பஞ்சாப் ஒரு கோல் போட்டுவிட்டது. இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 3-1. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக, 43 புள்ளிகளோடு நம் அணி சாம்பியன். சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸின் அந்த அணியில், 21 கோல் அடித்த மான்சி போன்ற ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த வீரர்களோடு, எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் என்று நம் பிள்ளைகள் தோளோடு தோள் நின்றார்கள். சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. எல்லாம் கூடிவருகிறது என்று நம்பினோம்.

எட்வின் சென்னையின் எஃப்சிக்குப் போனார். 2020 தொடக்கத்தில் மான்சி ஜப்பானுக்குப் போனார். ரொமாரியோ கோவாவுக்கு, அஜித்குமார் பெங்களூருக்கு. 2021-22 ஐ-லீக் தொடங்கியபோது வீரர்கள் மட்டுமல்ல, அந்த அணியே இல்லை. பட்டம் வென்று மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. 1946-இல் ஒரு சிறு கழகமாகப் பிறந்த அணி அது.

ஆனாலும் வாசகர்களே, ஒன்றைக் கவனியுங்கள். அணி போனது, ஆட்டக்காரர்கள் போகவில்லை. கோவையில் வளர்ந்த அந்தப் பிள்ளைகள்தான் பின்னர் ஐஎஸ்எல் களங்களில் ஆடினார்கள். பட்டம் வெல்வதற்கு முந்தைய ஆண்டு சென்னை சிட்டியில் ஆடிவிட்டு ஜாம்ஷெட்பூர் போன மைக்கேல் சூசைராஜ், கன்னியாகுமரி மாவட்டத்தின் இரவிபுத்தன்துறைக் கடற்கரையிலிருந்து வந்தவர். கடற்கரை மணலில் வெறுங்காலால் பந்து ஆடும் ஊர்கள் அங்கே இருக்கும்வரை வீரர்கள் வந்துகொண்டுதான் இருப்பார்கள். வெளிநாட்டு நட்சத்திரத்தைப் பணத்தால் வாங்கலாம். அதைவிடப் பெரிய பணம் வந்து அவரைக் கொண்டுபோகும். ஒரு ஊர் பத்து ஆண்டு பாடுபட்டு வளர்த்த நாற்றங்காலை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஒரு பயிர் அறுவடையானால் அடுத்த நாற்று தயாராக நிற்கும்.

ஐஎஸ்எல் விதிகளும் இந்தத் திசையில்தான் நகர்ந்தன. தொடக்க ஆண்டுகளில் களத்தில் ஐந்து இந்தியர்கள் இருந்தால் போதுமாக இருந்தது. 2017-18-இல் அது ஆறானது. 2021-22-இல் ஏழானது. ஒவ்வொரு முறையும் ஒரு இந்திய இளைஞனுக்கு இடம் கூடியது. அந்த இடத்தில் நிற்கத் தகுதியானவனை யார் வளர்க்கிறார்கள் என்பதே இனி ஒரு கிளப்பின் ஆயுளைத் தீர்மானிக்கும்.

ஆகவே அடுத்த முறை உங்கள் அணி கோப்பை வென்று, மறுமாதமே வீரர்கள் வெளியேறும் செய்தி வந்தால், மனம் உடையாதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளம் மாதாமாதம் வருகிறதா? கோல்கீப்பர், நடுப் பின்களம், நடுகளம், முன்களம் என்ற நடுக்கோட்டில் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள்? இளையோர் அணியிலிருந்து இந்த ஆண்டு எத்தனை பேர் மேலே வந்தார்கள்? முதல் இரண்டுக்கும் நல்ல பதில் இருந்தால் அடுத்த சீசனுக்குக் கவலை இல்லை. மூன்றாவதற்கும் இருந்தால் அடுத்த பத்து ஆண்டுக்குக் கவலை இல்லை.

அந்தக் குழுப் படத்தை இப்போது என் மேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் ஒரு இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். உங்கள் ஊர் மைதானத்தில், பள்ளித் திடலில், கடற்கரையில் ஆடும் சிறுவர் சிறுமியர் அணியை வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். கைதட்டுங்கள். அவர்களுக்கு ஒரு பந்து வாங்கிக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். அவர்களின் குழுப் படத்தை எங்களுக்கு அனுப்புங்கள். அந்தக் காலி இடம் அவர்களுக்கானது.

அன்புடன்,
ஆசிரியர்