பன்னிமேட்டுக் குட்டியும் உடுமலைக் கடைவீதியும்

தோழனே!

2023 டிசம்பர்த் திங்களின் இறுதி நாட்கள். வால்பாறை மலையில், பன்னிமேட்டுத் தேயிலைத் தோட்டத்தில், தாயைப் பிரிந்து தவித்தது ஒரு யானைக்குட்டி. வனத்துறையினர் கூட்டத்தைத் தேடிக் கண்டு, குட்டியைத் தாயிடம் சேர்த்தனர். பின்னர் வந்தது ஒரு படம்: தாயின் அணைப்பில் உறங்கும் குட்டி! நீயும் பார்த்திருப்பாய்; கண் கலங்கியிருப்பாய். நானும் கலங்கினேன். துடைத்துக்கொண்டு சற்றுச் சிந்திப்போம், வா.

யானைக் கூட்டத்தின் தலைமை ஆணுக்கன்று, மூத்த பெண்ணுக்கு. ஏறத்தாழ 22 திங்கள் சுமந்து ஈன்ற குட்டியை ஈன்றவள் மட்டுமா காக்கிறாள்? சித்தி, பெரியம்மாள், அக்காள் என்று கூட்டமே காக்கிறது. குட்டி சேற்றில் வழுக்கினால் அருகிலிருக்கும் துதிக்கை தூக்கும். 'இது எவள் வயிற்றுப் பிள்ளை?' என்று விசாரித்துவிட்டு நீளும் துதிக்கையை நான் கேள்விப்பட்டதில்லை.

அதே ஆனைமலைக் காட்டில் இருவாட்சிப் பறவை உண்டு. மரப்பொந்தில் புகுந்த பெண்பறவை, அலகு நுழையும் பிளவு மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். திங்கள் கணக்கில் அத்திப்பழம் சுமந்து வந்து ஊட்டுவது ஆண்! 'பிள்ளை வளர்ப்பது பெண்ணின் வேலை' என்று திண்ணையில் தீர்ப்புரைக்கும் பெரியவர்கள் ஒருமுறை வால்பாறைப் பேருந்தில் ஏறட்டும். கட்டணத்தை நானே தருகிறேன்.

விலங்கெல்லாம் உத்தமம் என்று சொல்ல நான் வரவில்லை. எல்லையைக் கைப்பற்றும் ஆண்புலி, வேறோர் ஆணின் குட்டிகளைக் கொல்வதுண்டு. ஆனால், தான் வளர்த்த பிள்ளை தன் துணையைத் தேடிக்கொண்டதற்காக அதன் வாழ்வை முடிக்க எண்ணும் மிருகத்தை எந்தக் காட்டில் கண்டாய்?

ஆனைமலையின் அடிவாரத்தில்தான் இருக்கிறது உடுமலைப்பேட்டை. 2016 மார்ச் 13. பட்டப்பகல். பேருந்து நிலையத்தருகே, சாதி கடந்து மணந்த பொறியியல் மாணவன் வெட்டி வீழ்த்தப்பட்டான். அவனைக் கைப்பிடித்தவள் குருதியில் கிடந்தாள். கண்காணிப்புக் கருவி பார்த்தது, மனிதரும் பார்த்தனர். 2020-இல் உயர்நீதிமன்றம் ஐவருக்கு ஆயுள்தண்டனை என்றது. பெண்ணின் தந்தையை விடுவித்தது. தீர்ப்போடு எனக்கு வழக்கில்லை. சாதிப் பெருமையைச் சோற்றோடு பிசைந்து ஊட்டும் ஒவ்வொரு வீட்டோடும் எனக்கு வழக்குண்டு!

வயது வந்த இருவர் மணம்புரியக் குடும்பத்தின் ஒப்புதலோ சாதியின் ஒப்புதலோ தேவையில்லை என்று 2018-இல் உச்சநீதிமன்றம் உரைத்துவிட்டது. மகளை நூல் ஆலையின் இரவு வேலைக்கு அனுப்பும்போது, 'அவளுக்கு விவரம் தெரியும்' என்கிறோம். துணையைத் தேர்ந்தால் மட்டும், 'அறியாப் பிள்ளை' என்கிறோம். இது என்ன நியாயம்? நாம் மட்டும் யோக்கியரா? தேர்தல் வந்தால் வாக்குக் கணக்குப் பார்த்து வாய்மூடுகிறோம். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

அடுத்த முகூர்த்தத்தில் நீயும் ஒரு பந்தியில் அமர்வாய். அங்கே ஒருவன், 'நம் சாதிப் பெண்ணைத் தொட்டவனை...' என்று மீசையை முறுக்கினால், தலை குனிந்து சாப்பிடாதே. பன்னிமேட்டுக் குட்டியின் கதையை அவனிடம் உரக்கச் சொல். சோறு ஆறினால் ஆறட்டும்.